காக்கி உறை

அந்தப் பையை மேலே வைக்காதீர்கள் தம்பி. இந்த வண்டியில் மேல்பலகை ஒரு பக்கம் சரிந்திருக்கும், வளைவில் விழுந்துவிடும். மடியிலேயே இருக்கட்டும். உள்ளே ஸ்கேன் படம் இருக்கிறது, மடங்கக் கூடாது.

எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? அந்த நீல ஃபைல் வெளியே எட்டிப் பார்க்கிறதே. அதே ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் இதே வண்டியில் மதுரைக்குப் போய் வந்தவன்தான். முன்னால், பெண்கள் சீட்டில், தலையில் பூப்போட்ட துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது உங்கள் வீட்டம்மாதானே? கமுதியில் நீங்கள் ஏற்றிவிட்டபோதே பார்த்தேன். வலது கையைத் தொடாமல் இடது கையைப் பிடித்து ஏற்றினீர்கள். ஆபரேஷன் வலது பக்கமா? என் வீட்டிலும் வலதுதான்.

மருந்து ஏற்றுவது இன்றைக்கு எத்தனையாவது? இரண்டாவதா. சரி. நரம்பு எப்படி, கிடைக்கிறதா?

கிடைக்கவில்லையா. அதைத்தான் நினைத்தேன். போன தடவை எத்தனை இடத்தில் குத்தினார்கள் என்று கேட்க மாட்டேன். நீங்களும் எண்ணாதீர்கள். எண்ணினால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

நல்லவேளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். இந்த நரம்பு விஷயத்தை என்னைப் போல மண்டையை உடைத்து யோசித்தவன் இந்த வண்டியில் யாரும் இல்லை. டாக்டர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர்களுக்கு நின்று சொல்ல நேரம் இருக்காது. எனக்கு மதுரை வரைக்கும் நேரம் இருக்கிறது.

என் பெயர் அழகுவேல். சாயல்குடி. இந்தப் பச்சை வண்டியை ஓட்டினவன் நான்தான். இதே வண்டி இல்லை, இதற்கு முந்தின வண்டி, அதற்கும் முந்தின வண்டி. முதலாளி வண்டியை மாற்றுவார், டிரைவரை மாற்றவில்லை. இப்போது ஓட்டுகிறானே இன்னாசி, அவன் என்னிடம் கிளீனராக இருந்தவன். கியர் போடச் சொல்லிக்கொடுத்தது நான். அதனால்தான் டிரைவருக்குப் பின்னால் இந்த சீட் எனக்கு எப்போதும் காலியாக இருக்கும். நீங்கள் உட்கார்ந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பேச ஆள் கிடைத்தது.

தனியார் வண்டி என்றால் டைம்தான் தம்பி உயிர். நமக்கு முன்னால் ஒருத்தன் போவான், பின்னால் ஒருத்தன் துரத்துவான். ஒரு இடத்தில் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவன் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அருப்புக்கோட்டை ஸ்டாண்டுக்குள் நுழைவேன், ஹாரனை அழுத்துவேன், சக்கரம் நிற்கிற மாதிரி இருக்கும், நிற்காது. அப்படியே வெளியே வந்துவிடுவேன். ஜனங்கள் என்னைத் திட்டிக்கொண்டே என் வண்டிக்குத்தான் காத்திருப்பார்கள். ஏனென்றால் சேர்த்துவிடுவேன். நான் சொன்ன நேரத்துக்கு மதுரை வராமல் இருந்ததில்லை.

எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு சங்கதி. கனியைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்கு என் வண்டியிலேயே போகிறேன். சண்முகக்கனி, என் சம்சாரம். அவளைப் பெண்கள் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் ஓட்டுகிறேன். பாதி வழியில் ஒரு பொம்பளை எழுந்து வந்து, "டிரைவரண்ணே, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க" என்கிறது. எதற்கு என்று எனக்குத் தெரியாதா. "ஏம்மா, இது என்ன மாட்டு வண்டியா, மரத்துக்கு மரம் நிக்க? ஏறுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். வண்டியே சிரித்தது. அந்தப் பொம்பளை போய் உட்கார்ந்துகொண்டது. புது மாப்பிள்ளை இல்லையா, கனி என்ன செய்கிறாள் என்று கண்ணாடியில் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அவளும் சிரித்திருப்பாள்.

நான் நரம்பைச் சொல்ல வந்தவன். வண்டிக்காரன் பேச்சு இப்படித்தான், எங்கே ஆரம்பித்தாலும் வண்டியில் வந்து நிற்கும்.

கனிக்கு நோய் என்று தெரிந்தபோது நான் வேலையை விட்டு வீட்டில் இருந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கு அங்கேயே தங்கியிருந்தோம். முதல் மருந்தும் வார்டில் படுத்திருந்தபோதே ஏற்றிவிட்டார்கள், ஒரு தொந்தரவும் இல்லை. இனிமேல் வீட்டிலிருந்து வந்து வந்து ஏற்றிக்கொள்ளலாம், சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வண்டிதான் இருக்கிறதே. நம் வண்டி, நம் இன்னாசி. விடியற்காலையில் ஏறினால் டோக்கன் கொடுக்கிற நேரத்துக்கு வாசலில் நிற்கலாம்.

திருப்பூரில் இருக்கிற என் மகள் போனில் சண்டை போட்டாள். "அப்பா, அம்மாவைக் கார்ல கூட்டிட்டுப் போங்க. நான் ஏற்பாடு பண்றேன். அம்மாவுக்கு வேணுங்கிற இடத்துல நிறுத்திக்கலாம்."

"நிறுத்துறதுக்கா போறோம்? போய்ச் சேரத்தானே போறோம்" என்றேன்.

"அம்மாகிட்டே குடுங்க" என்றாள். கொடுத்தேன். கனி காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "உங்கப்பாவுக்கு பஸ்தாண்டி தோது" என்றாள். பார்த்தீர்களா, அவளே சொல்லிவிட்டாள்.

இரண்டாவது மருந்துக்குப் போனபோதுதான் ஆரம்பித்தது. ஜெசிந்தா என்று ஒரு சிஸ்டர். நல்ல பெண், கைராசிக்காரி என்று பெயர். கையில் ரப்பரை இறுக்கிக் கட்டி, புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள். நரம்பு மேலே வரவே இல்லை. ஊசியை உள்ளே விட்டு, தேடி, வெளியே எடுக்கிறாள். மறுபடியும் வேறு இடம். நான் பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா" என்கிறேன். என்னைத் திரைக்கு வெளியே அனுப்பிவிட்டாள்.

திரைக்கு வெளியே நிற்பது இருக்கிறதே தம்பி, அது ஒரு தனி வேலை. உங்களுக்கு ஒரு தடவை ஆகிவிட்டது, தெரிந்திருக்கும். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்கும். இரும்புத் தட்டில் எதையோ போடுகிற சத்தம் கேட்கும். நம் ஆள் கத்தினாலாவது பரவாயில்லை. கனி கத்த மாட்டாள். "பாவம், நீங்க என்ன செய்வீங்க சிஸ்டர்" என்று அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்பினவன். மாட்டுத்தாவணிக் கூட்டத்தில் ஒரு விரல் இடைவெளியில் எடுத்துக்கொண்டு வந்தவன். அங்கே கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

கனிக்கு வாய் மட்டும் அடங்காது. வெளியே வரும்போது கை முழுக்கப் பஞ்சு ஒட்டியிருக்கும். "எனக்கு மட்டும் நரம்பே வைக்காம அனுப்பிட்டான் போல. உங்க முதலாளிகிட்டே சொல்லி ரெண்டு டீசல் குழாய் வாங்கிப் போடுங்க" என்பாள். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஊசி இன்னும் ஏறாமல் இருக்கிறவர்களும் சிரிப்பார்கள்.

சிஸ்டர் என்னிடம் சொன்னாள்: "ஐயா, அம்மா நிறையத் தண்ணி குடிக்கணும். உடம்புல தண்ணி இல்லேன்னா நரம்பு சுருங்கிடும். முந்தின நாள்லேர்ந்தே குடிக்கச் சொல்லுங்க."

நான் அப்படிப்பட்ட ஆளா, சொன்னதைச் செய்யாமல் இருக்க? பெரிய பாட்டிலாக வாங்கினேன். மறு தடவை கிளம்பும்போது அவள் மடியிலேயே வைத்தேன். பெருநாழி தாண்டினதும் எழுந்து போய்ப் பார்ப்பேன். கமுதியில் பார்ப்பேன். "குடிச்சியா?" "குடிச்சேன்." பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் கழுத்து வரைக்கும் தண்ணீர் அப்படியே இருக்கும். உதட்டை நனைத்துவிட்டு மூடியிருப்பாள். "ஏண்டி, இதையும் நானா குடிக்கிறது?" என்று சத்தம் போட்டால், "தாகமே எடுக்கலைங்க" என்பாள்.

நோய் அப்படித்தான் போல. தாகத்தையே தின்றுவிடுகிறது. அதுவும் மருந்து ஏற்றப் போகிற தடவைதான் இப்படி. மற்ற நாளில் நன்றாகத்தான் இருப்பாள். பானைப் பக்கம் போய்விட்டுத்தான் எந்த வேலைக்கும் போவாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய முதல் நாள் சாயங்காலம் ஆனால் ஆளே சுருங்கிவிடுவாள். காபி வேண்டாம். ரசம் வேண்டாம். சோற்றைப் பருப்புப்பொடியோடு பிசைந்து ஒரு வாய். பயம் தம்பி. ஊசிப் பயம் எப்படியெல்லாம் ஆட்டிவைக்கிறது பாருங்கள்.

இன்னொரு தொந்தரவு. போய் இறங்கினதும் நேரே டோக்கன் வரிசைக்குப் போக வேண்டுமா இல்லையா? அவள் என் கையை உதறிவிட்டு பாத்ரூமைத் தேடி ஓடுவாள். அங்கே ஒரு வரிசை. அவ்வளவு அடித்துப் பிடித்துச் சேர்த்த நேரம் எல்லாம் அங்கே போய்விடும். நான் டோக்கன் வரிசையில் நின்றுகொண்டு திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். முகம் கழுவிக்கொண்டு, என்னவோ தேரை நிலைக்குக் கொண்டுவந்தவள் மாதிரி மெதுவாக நடந்து வருவாள். "இவ்வளவு நேரமா?" என்பேன். வந்ததும் பாட்டிலை வாங்கி நாலு மடக்குக் குடிப்பாள். நான் கேட்டதற்காகக் குடித்துக் காட்டுகிறாள் என்று நினைப்பேன். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஒரு தடவை சிஸ்டர் அவளிடம் கேட்டாள், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். "எதுல வர்றீங்கம்மா?"

"பஸ்ல."

"எவ்வளவு தூரம்?"

நான்தான் பதில் சொன்னேன். "சாயல்குடி. நடுவில எங்கேயும் நிக்காது, நேரா கொண்டாந்து விட்டுரும்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். சிஸ்டர் என்னைப் பார்த்தாள். பிறகு கனியைப் பார்த்தாள். கனி குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். சிஸ்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் வேறு யாருக்கோ ட்ரிப்ஸ் தீர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

அப்போதுதான் நான் யோசித்தேன். இது மெஷின் வேலை. மார்கழி விடியலில் பழைய வண்டி லேசில் ஸ்டார்ட் ஆகாது, இஞ்சின் இறுகியிருக்கும், வெந்நீர் ஊற்றினால் கிளம்பிவிடும். ரத்தமும் அப்படித்தானே? கையைச் சூடாக வைத்தால் நரம்பு இளகும். சிஸ்டரிடம் கேட்டேன். "ஆமாய்யா, வெந்நீர் ஒத்தடம் குடுப்போம், நல்லதுதான். ஆனா ரொம்பச் சூடு கூடாது" என்றாள். வெந்நீர்ப் பை கையில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. என் பழைய காக்கிச் சட்டை ஒன்றை எடுத்தேன். அதன் கையை வெட்டி எடுத்தேன். முழங்கை வரைக்கும் வருகிற மாதிரி இரண்டு மடிப்பாக மடித்து, நடுவில் தவிடும் கல்லுப்பும் போட்டுத் தைத்தேன். தையல் எனக்கு வரும். சீட் கிழிந்தால் நான்தான் தைப்பேன். சட்டியில் வைத்துச் சூடாக்கிக் கையில் போட்டுவிட்டால் அதுபாட்டுக்கு இருக்கும். உறை மாதிரி. இதோ பாருங்கள், இதுதான். தொட்டுப் பாருங்கள்.

கனி போட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப நான் டிரைவரா, நீங்க டிரைவரா?" என்றாள்.

அதை முதல் தடவை கட்டின நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். மருந்து ஏற்ற வேண்டிய அன்றைக்கு பந்த், சாயங்காலம் வரை வண்டி ஒன்றும் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். மருந்து தள்ளிப்போகக் கூடாது. அதனால் முதல் நாள் மத்தியானமே போய், பழங்காநத்தத்தில் கனியின் தங்கை ஜெயக்கனி வீட்டில் தங்கினோம். எனக்கு அடுத்தவர் வீட்டில் தங்குவது பிடிக்காது. வேறு வழியில்லை. அக்காளும் தங்கச்சியும் சமையல்கட்டில் உட்கார்ந்து என்ன பேச்சு, என்ன சிரிப்பு. ஜெயக்கனி சொம்பு சொம்பாக மோர் கொடுக்கிறாள், இவள் வாங்கி வாங்கிக் குடிக்கிறாள். காலையில் இட்லி, காபி. நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. என் கவனம் முழுக்க உறைமேல். ஜெயக்கனி வீட்டு அடுப்பில் நானே நிதானமாகச் சூடேற்றி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி பக்கம்தான், நடந்தே போனோம். டோக்கன் வாங்கி, உறையைக் கையில் மாட்டி உட்கார வைத்தேன்.

ஒரே குத்து, தம்பி. ஒரே குத்து. சிஸ்டர் ரப்பரைக் கட்டினதும் புறங்கையில் நரம்பு பச்சையாக எழும்பி வந்தது. நானே பார்த்தேன். "அட, இன்னைக்கு என்னம்மா செஞ்சீங்க?" என்று சிஸ்டர் கேட்டாள். கனி வாயைத் திறப்பதற்குள் நான் உறையைத் தூக்கிக் காட்டினேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், நான் முதல்முதலாக லைசென்ஸ் வாங்கினபோதுகூட வரவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது ஜெயக்கனி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அத்தான், இனிமே ஒவ்வொரு தடவையும் முத நாளே வந்து இங்கே தங்குங்க. அக்காவுக்கு அதுதான் நல்லது."

"எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்? வண்டி ஓடுதே."

"சிரமம் எனக்கில்லே அத்தான்" என்றாள். பிறகு, "அக்கா உங்ககிட்டே ஒண்ணும் சொல்லலையா?" என்றாள்.

"எங்களுக்குள்ளே ஒளிவுமறைவே கிடையாதும்மா. எதுன்னாலும் சொல்லிருவா" என்றேன். உபசாரம்தான், வேறென்ன. தங்கச்சி கூப்பிடத்தானே செய்வாள். நாம்தான் அளவாக இருக்க வேண்டும்.

அடுத்த தடவை பழையபடி இன்னாசி வண்டி. உறையை ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில், ஆம்லெட் போடுகிற கல்லில் சூடு பண்ணினேன். கடைக்காரர் நல்ல மனுஷர், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எண்ணெய் வாடை ஏறிவிட்டது. கையில் மாட்டினதும் கனிக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. "நரம்பு வருதோ இல்லையோ, ஈ வரும்" என்றாள். நரம்பு வரவில்லை. கையில் சுற்றிச் சுற்றிக் குத்தினார்கள். எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கல்லில் சூடு மேலோடு நிற்கிறது, ரோட்டைக் கடப்பதற்குள் ஆறிவிடுகிறது. வீட்டு அடுப்புச் சூடு மாதிரி இல்லை. அடுத்த உறையை இன்னும் கனமாகத் தைத்தேன். அதற்கடுத்ததில் தவிட்டைக் குறைத்து உப்பைக் கூட்டினேன். எதுவும் அன்றைக்கு மாதிரி அமையவில்லை. ஏதோ ஒரு சின்ன இடத்தில் தவறுகிறது. அது எந்த இடம் என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

ஒரு தடவை ஊசி ஏறின மாதிரி இருந்தது, மருந்தும் போனது. கொஞ்ச நேரத்தில் கை வீங்கி எரிகிறது என்றாள். நரம்பை விட்டு வெளியே கசிந்துவிட்டது. ஓடி வந்து நிறுத்தினார்கள். அந்த இடம் வெந்த மாதிரி கறுத்து, உரிந்து, ஆற வெகுநாள் பிடித்தது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நெஞ்சில் தோலுக்கடியில் பொத்தான் மாதிரி ஒன்றை வைத்துவிடலாம், அதிலிருந்து குழாய் பெரிய நரம்புக்குப் போய்விடும், கையைக் குத்தவே வேண்டாம் என்றார். எனக்குச் சரி என்றுதான் பட்டது.

கனி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அதுக்குத் தனியா வரணுமா டாக்டர்?"

"ஆமாம்மா. வைக்க ஒரு நாள். காயம் பார்க்க ஒரு நாள். அப்புறம் அதைக் கழுவிவிட அப்பப்ப வரணும்."

"வேண்டாம்" என்றாள். எவ்வளவோ சொன்னோம். கத்திக்குப் பயந்துவிட்டாள். ஆபரேஷனுக்கே பயப்படாதவள் ஒரு பொத்தானுக்குப் பயந்துவிட்டாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது எனக்குப் பக்கத்திலேயே, இதோ நீங்கள் இருக்கிற சீட்டில், உட்கார வைத்தேன். கூட்டம் இல்லை. கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நீலமும் கறுப்புமாக இருக்கிறது. அருப்புக்கோட்டை தாண்டினதும், "போதுங்க" என்றாள்.

"என்ன போதும்?"

"இனிமே போக வேண்டாம்."

"ஊசிக்கு பயந்து இப்படிச் சொல்லாதே கனி. இன்னும் கொஞ்சம்தான். நான் வேற மாதிரி உறை தைக்கிறேன்."

"ஊசிக்காகச் சொல்லலை. இந்தப் போக்குவரத்து முடியலை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பஸ்ல உட்கார்ந்துதானே வர்றே? நீயா ஓட்டுறே?" என்றேன்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அதானே. நானா ஓட்டுறேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் போகவில்லை. மகள் வந்து அழுதாள், காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். அதற்குள் உடம்பு அந்த நிலையில் இல்லை. பங்குனியில் போய்விட்டாள். கடைசி வாரத்தில் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். கரண்டியில் கொடுக்கச் சொன்னார்கள். கரண்டியில்தான் கொடுத்தேன்.

நான் ஒரு டிரைவர், தம்பி. ஏற்றினவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. அவளை மட்டும் பாதியிலே இறக்கிவிட்ட மாதிரி இருக்கிறது. என் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வண்டி லேட் ஆகவில்லை, டோக்கன் தவறவில்லை, தண்ணீர் இல்லாமல் ஒரு நாளும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த நரம்பு மட்டும் கொஞ்சம் மேலே வந்திருந்தால் எல்லா மருந்தும் ஏறியிருக்கும். அந்தச் சின்ன நரம்பு.

அதனால்தான் இந்த உறைகள். சும்மா இருக்கிற நேரத்தில் தைக்கிறேன். காக்கி தீர்ந்துவிட்டது, இப்போது இன்னாசி தன் பழைய சட்டைகளைத் தருகிறான். அவ்வப்போது கொண்டுபோய் ஜெசிந்தா சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வருவேன். "வைங்கய்யா, யாருக்காவது உதவும்" என்று வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வாள். "இருந்தாலும் தண்ணிதான்யா முக்கியம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். தண்ணீர் கொடுக்காமலா இருந்தேன்? வாதம் பண்ணுவதில்லை.

என்ன, வண்டி ஓரங்கட்டுகிறதா? ஆமாம், காரியாபட்டிக்கு முன்னால் இந்த பெட்ரோல் பங்க் வந்தால் இன்னாசி நிறுத்திவிடுவான். ஒவ்வொரு டிரிப்பும். அதோ, கட்டையை எடுத்துக்கொண்டு இறங்குகிறான் பாருங்கள். டயர் பார்க்கிறானாம். நான் கேட்டேன், "ஏண்டா, டயருக்கு என்னடா?" "காத்து இறங்குற மாதிரி இருக்குண்ணே, தட்டிப் பார்த்துக்கிடுறேன்" என்றான். நானும் இறங்கித் தட்டிப் பார்த்தேன். எல்லா டயரும் கல் மாதிரி இருக்கிறது. அவன் என்னடாவென்றால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சுற்றி வந்து தட்டுகிறான். நான் ஓட்டும்போது இப்படி நின்றிருந்தால் பின்னால் வருகிறவன் மதுரையையே தாண்டியிருப்பான்.

முன்னெல்லாம் இவனும் நிறுத்தாதவன்தான். கனிக்குப் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு இவன் வீட்டம்மா வந்திருந்தாள். ஜெயக்கனியும் அவளும் உள்ளே உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பொம்பளைகள் பேச்சு, நமக்கென்ன தெரியும். அதற்கு மறு வாரத்திலிருந்து இவனுக்கு இந்த டயர்ப் பைத்தியம் பிடித்துவிட்டது. முதலாளிகூட கேட்டாராம். அவரிடமும் டயர் என்றுதான் சொன்னானாம்.

பாருங்கள், பெண்கள் சீட்டு மொத்தமும் காலியாகிவிட்டது. எல்லாரும் அந்தப் பின்பக்கக் கட்டடத்துக்குப் போகிறார்கள். உங்கள் வீட்டம்மாவும் இறங்கிவிட்டார்களே. தனியாகப் போகிறார்கள், நீங்கள் வேண்டுமானால்... சரி, அந்தச் சிவப்புச் சேலைக்கார அம்மா கையைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இடது கையைத்தான் பிடித்திருக்கிறது. பரவாயில்லை.

டைம் போகிறது பாருங்கள்.

வந்துவிட்டார்கள். உங்களிடம்தான் வருகிறார்கள். என்ன கேட்கிறார்கள்? தண்ணீரா? கொடுங்கள், கொடுங்கள். அது போதாது, என் பாட்டிலையும் கொடுங்கள். குடிக்கட்டும்மா, முழுசும் குடிங்க, நான் மதுரையில் பிடித்துக்கொள்கிறேன்.

அடேயப்பா. நிறுத்தாமல் குடிக்கிறார்கள். கழுத்தெல்லாம் நனைகிறது, நிறுத்தவில்லை.

கனியும் இப்படித்தான் ஒரு நாள் குடித்தாள். ஜெயக்கனி வீட்டில். சொம்பை அண்ணாந்து... மோர் கழுத்தில் வழிந்தது...

ஒன்றுமில்லை தம்பி. என்னவோ சொல்ல வந்தேன். வாய்வரை வந்தது, போய்விட்டது. வயசாகிவிட்டது இல்லையா.

இன்னாசி ஏறிவிட்டான். ஏண்டா, டயர் எப்படி இருக்கு? கேட்டீர்களா, "நல்லாயிருக்குண்ணே" என்கிறான். நல்லாத்தான் இருக்கும்.

இந்தாருங்கள், இந்த உறையை வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதில் இதுதான் கனமானது. டீக்கடைக் கல்லில் சூடு பண்ணாதீர்கள், வாடை வரும். இன்றைக்கு உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரே குத்தில் ஏறிவிடும் பாருங்கள். ஏறினதும் ஜெசிந்தா சிஸ்டர் கேட்பாள், இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று. இதைக் காட்டுங்கள்.